டிராப்னே சேற்றுப்பாறையில் வேலை தொடங்குகிறீர்களா? எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

வட கடலுக்கு அடியில், நார்வே பக்கத்தில், டிராப்னே என்று ஒரு கருப்புச் சேற்றுப்பாறை அடுக்கு இருக்கிறது. ஜுராசிக் காலத்தின் கடைசிப் பகுதியில் படியத் தொடங்கி கிரெட்டேசியஸ் தொடக்கம் வரை படிந்தது. ஓசெபெர்க், குல்ஃபாக்ஸ், ஸ்டாட்ஃபியோர்ட் போன்ற பெரிய வயல்களின் எண்ணெய்க்கு முக்கியத் தாய்ப்பாறை, அதாவது எண்ணெய் உருவான பாறை, இதுதான். இப்போது கார்பன் டை ஆக்சைடைக் கடலடியில் புதைக்கும் திட்டங்களில் மேல்மூடியாகவும் இதைப் பார்க்கிறார்கள், அதனால் ஆய்வுக்கு இதை எடுக்கும் மாணவர்கள் இனிமேலும் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

நானும் அப்படித்தான் எடுத்தேன். வரிசையை மாற்றிச் செய்ததால் ஒரு செமஸ்டர் போயிற்று. லாக் வரைபடத்தில் (கிணற்றுத் துளைக்குள் கருவி இறக்கி ஆழத்துக்கு ஆழம் அளந்த கோடுகள்) பார்த்த ஆழத்தை அப்படியே விண்ணப்பத்தில் எழுதி மாதிரி கேட்டேன். வந்த கற்களை லேபுக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் தெரிந்தது, கீழ்ப்பகுதியில் எடுத்தவை டிராப்னே இல்லை, அதற்கு அடியில் இருக்கும் ஹெதர் என்று. கோர் (துளையிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த கல்) பெட்டியில் எழுதியிருந்த ஆழமும் லாக் ஆழமும் ஒன்றல்ல என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பாறையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி காசில்லாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிடைக்கும். கல்லைத் தொடுவது கடைசியில்.

1. முதலில் பெயரைச் சரிபாருங்கள்

ஒரே கருப்புச் சேறு, எல்லை தாண்டினால் வேறு பெயர். வடக்கு வட கடலில் நார்வே பக்கம் டிராப்னே. பிரிட்டன் பக்கம் போனால் கிம்மரிட்ஜ் கிளே. தெற்கே சென்ட்ரல் கிராபனில் (கிராபன் என்றால் பிளவுப் பள்ளம்) மண்டால், ஏகெர்சுண்ட் படுகையில் டாவ், மத்திய நார்வேக்கு வெளியே ஸ்பெக், பாரண்ட்ஸ் கடலில் ஹெக்கிங்கன். வயதும் படிந்த சூழலும் முழுக்க ஒன்றாக இருக்காது, ஆனாலும் எல்லாம் ஒரு குடும்பம். ஆய்வுக் கட்டுரை தேடும்போது டிராப்னே என்று மட்டும் தேடினால் பாதி விஷயம் கண்ணில் படாமலே போய்விடும். கிம்மரிட்ஜ் கிளே பற்றி எழுதப்பட்டதையும் சேர்த்துப் படியுங்கள். ஆனால் அங்கே இருக்கும் எண்களை உங்கள் கிணற்றுக்கு அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். டிராப்னே, வைக்கிங் குழு என்ற அடுக்குத் தொகுதியைச் சேர்ந்தது. அடியில் பொதுவாக ஹெதர். அது சாம்பல் நிறம், சுண்ணாம்பு கொஞ்சம் கூடுதல், கரிமச் சத்து குறைவு. ட்ரோல் வயல் பக்கம் போனால் அடியில் சொக்னஃபியோர்ட் மணற்கல் இருக்கும். மேலே குரோமர் நோல் குழு. உயர்ந்த மேடுகளில் டிராப்னே மெலிந்தோ அரிக்கப்பட்டோ இருக்கும், சில கிணறுகளில் சுத்தமாக இருக்காது. வைக்கிங் கிராபன் பள்ளத்தில் தடிமனாக இருக்கும். உங்கள் கிணறு மேட்டிலா பள்ளத்திலா என்பதை இப்போதே பார்த்துக்கொண்டால் பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைக்கும்.

2. கிணற்றுப் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதில் வழுக்கியவர்கள் நிறைய. 16/8-3 எஸ் என்று ஒரு கிணறு இருந்தால், 16 என்பது ஒரு பாகை அகலமும் ஒரு பாகை நீளமும் கொண்ட பெரிய கட்டம், 8 என்பது அதற்குள் இருக்கும் பிளாக், 3 என்பது அந்த பிளாக்கில் தோண்டிய மூன்றாவது கிணறு, எஸ் என்றால் சாய்வாகத் தோண்டத் திட்டமிட்ட கிணறு. ஏ, பி என்று வந்தால் பக்கத்துளை. ஆர் வந்தால் பழைய கிணற்றுக்குள் மறுபடி இறங்கியது.

பொறி எங்கே என்றால், நார்வே கட்டத்துக்கு 12 பிளாக், பிரிட்டன் கட்டத்துக்கு 30 பிளாக். எண்கள் இரண்டு பக்கமும் வரும். நார்வே பக்கம் ஒரு 16/8 இருப்பதுபோல பிரிட்டன் பக்கமும் ஒரு 16/8 இருக்கிறது, மில்லர் வயல் அந்தப் பக்கத்து 16/7, 16/8 பிளாக்குகளில்தான் கிடக்கிறது. கட்டுரையில் 16/8 என்று படித்துவிட்டு எந்த நாடு என்று பார்க்காமல் அட்டவணையில் சேர்த்தால் வேறொரு இடத்துப் பாறையை உங்கள் படுகையில் கொண்டுவந்து வைத்துவிடுவீர்கள். அட்டவணையில் நாடு என்று தனி நெடுவரிசை போடுங்கள்.

3. ஃபேக்ட்பேஜஸில் கிணறுகளைப் பட்டியல் போடுங்கள்

நார்வே கடலடிப் பரப்பின் தகவல்களைப் பராமரிப்பது ஸ்டாவங்கரில் இருக்கும் சொக்கெல் இயக்ககம். 2024 தொடக்கம் வரை அதன் பெயர் பெட்ரோலிய இயக்ககம், பழைய கட்டுரைகளில் என்பிடி என்று பார்ப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். அவர்களுடைய ஃபேக்ட்பேஜஸ் தளம் எல்லோருக்கும் இலவசம், பதிவுகூட வேண்டாம். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம் இருக்கும்.

அந்தப் பக்கத்தில் நீங்கள் எடுக்க வேண்டியவை: எந்த அடுக்கு எந்த ஆழத்தில் தொடங்குகிறது, கோர் எடுத்த ஆழ இடைவெளிகள், கோர் புகைப்படங்கள், எந்த ஆழத்தில் எந்தத் துளைச்சேறு (தோண்டும்போது துளைக்குள் ஓட்டும் திரவம்) ஓடியது, கிணற்றின் அடிவெப்பநிலை, கிணறு தோண்டி முடித்த ஆண்டு, ஸ்கேன் செய்யப்பட்ட பழைய அறிக்கைகள். மகரந்த நுண்ணுயிர் (பாறையில் இருக்கும் மகரந்தம், நுண்ணுயிர்களின் புதைபடிவங்கள்) கண்ணாடி ஸ்லைடுகள் இயக்ககத்திடம் இருந்தால் அதற்கும் தனிப் பட்டியல் இருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஏற்கெனவே தயாரான ஸ்லைடு இருக்கும்போது புதிதாகக் கல் கேட்டால், ஏன் என்று கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட.

துளைச்சேற்று நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள். எண்ணெய் கலந்த சேறா, நீர்ச்சேறா, பொட்டாசியம் குளோரைடு சேர்த்ததா என்பது மூன்று படி தள்ளி உங்கள் முடிவையே புரட்டிப்போடும்.

புதுக் கிணறுகளின் மூலத் தரவு இரண்டு ஆண்டுகள் ரகசியமாக இருக்கும். பட்டியலில் அப்படி ஒரு கிணறு இருந்தால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

முதல் பட்டியலில் எனக்கு நாற்பதுக்கு மேல் கிணறுகள் இருந்தன, கடைசியில் பயன்பட்டவை ஏழு. டிராப்னே இருக்கிறதா, பத்து மீட்டருக்கு மேல் தடிமன் இருக்கிறதா, முழு லாக் தொகுப்பு இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வடிகட்டினால் இப்படித்தான் சுருங்கும். ஒரு வாரத்தில் முடியும் வேலை. அவசரப்பட வேண்டாம்.

4. லாக் தரவை இறக்கி, எல்லையை நீங்களே குறியுங்கள்

எங்கிருந்து எடுப்பது? புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபோர்ஸ் 2020 தொகுப்பு. பாறை வகையைக் கணினி கண்டுபிடிக்கும் போட்டிக்காக வெளியிட்டது, நார்வேயின் 118 கிணறுகள், எல்லாம் திறந்த உரிமத்தில். அதில் ஒவ்வொரு ஆழப் புள்ளிக்கும் குழு, ஃபார்மேஷன் பெயர்கள் எழுதியே இருக்கும், டிராப்னே என்று வடிகட்டினால் வந்துவிடும். இன்னொன்று வோல்வே தொகுப்பு: 15/9 பிளாக்கில் இருந்த அந்த வயலின் சுமார் 40,000 கோப்புகளை ஈக்வினார் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. அங்கே எண்ணெய் இருந்தது ஹூகின் மணற்கல்லில், ஆனால் மேலே போகும் வழியில் ஹெதரும் டிராப்னேயும் வரும். இவை போதாவிட்டால் தேசியத் தரவுக் களஞ்சியமான டிஸ்கோஸ்.

கோப்புகளைப் படிக்கக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. பைத்தானில் லாசியோ என்ற நூலகம் போதும்.

இப்போது வரைந்து பாருங்கள். டிராப்னே லாக்கில் ஒளிந்துகொள்ளாது. காமா கதிர் சட்டென்று ஏறி 100 ஏபிஐ (காமா லாக்கின் அலகு) தாண்டும், யுரேனியம் கரிமப் பொருளோடு சேர்ந்து படிந்ததால் வந்த ஏற்றம் இது. அதே இடத்தில் அடர்த்தி குறையும், ஒலி வேகம் குறையும், மின்தடை கூடும். நான்கும் சேர்ந்து நகர்வதுதான் அடையாளம். மேலே குரோமர் நோலுக்குள் நுழையும்போது காமா விழுந்து ஒலி வேகம் ஏறும். கீழே ஹெதரில் நுழையும்போது காமா இறங்கும், ஆனால் எல்லா இடத்திலும் கத்தியால் வெட்டியதுபோல இருக்காது.

இங்கே மூன்று பொறிகள்.

முதலாவது, துளை விரிந்த இடம். சேற்றுப்பாறை உதிர்ந்து துளை அகன்றுவிட்டால் அடர்த்திக் கருவி பாறையைத் தொடாமல் சேற்றை அளக்கும், அடர்த்தி குறைவாகக் காட்டும், நீங்கள் அதைக் கரிமச் சத்து என்று நினைத்துக்கொள்வீர்கள். துளையின் அகலத்தைக் காட்டும் காலிபர் லாக்கையும் துளைப்பிட்டின் (தோண்டும் முனை) அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு எண்ணையும் நம்பாதீர்கள்.

இரண்டாவது, பொட்டாசியம் குளோரைடு சேறு. பொட்டாசியமும் காமா கதிர் விடும், அதனால் முழு லாக்கும் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். ஒரு கிணற்றில் 100-ஐ எல்லையாக வைத்து அதே 100-ஐ இன்னொன்றிலும் வைத்தால் தவறு. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் பிரித்த ஸ்பெக்ட்ரல் காமா இருந்தால் அதைப் பாருங்கள், யுரேனியக் கோடு உண்மையைச் சொல்லும்.

மூன்றாவது, டிராப்னேக்கு நடுவே வரும் மணல். கிராபன் ஓரங்களில் கடலடி மணல் ஓட்டங்கள் உள்ளே புகுந்திருக்கும், அங்கே காமா விழும். அதைப் பார்த்து, டிராப்னே முடிந்துவிட்டது என்று கோடு போட்டுவிடாதீர்கள், கீழே மறுபடி ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஃபேக்ட்பேஜஸில் கொடுத்திருக்கும் எல்லையும் நீங்கள் போட்ட எல்லையும் சில மீட்டர் விலகினால் பயப்பட வேண்டாம். இரண்டையும் எழுதி வைத்து, ஏன் விலகுகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பின்னால் யாராவது கேட்பார்கள்.

5. ஆழக் கணக்கைத் தீர்த்துவிட்டு மட்டும் மேலே போங்கள்

நான் விழுந்த குழி இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஒரே இடத்துக்கு நான்கு ஆழம் இருக்க முடியும். துளை நெடுக அளந்த ஆழம், செங்குத்து ஆழம், கடல்மட்டத்திலிருந்து அளந்த ஆழம், அப்புறம் தோண்டுபவர் குழாய் எண்ணிச் சொன்ன ஆழம். லாக் கருவியைக் கம்பியில் இறக்கி அளப்பது ஒரு கணக்கு, குழாய்களை எண்ணி அளப்பது இன்னொரு கணக்கு. கோர் பெட்டியின் மேல் எழுதியிருப்பது பொதுவாகத் தோண்டுபவர் கணக்கு. இரண்டுக்கும் நடுவே சில மீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும். என் கிணற்றில் கிட்டத்தட்ட நான்கு மீட்டர். டிராப்னே அங்கே பதினெட்டு மீட்டர் தடிமன்தான், அதில் நான்கு மீட்டர் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கிணற்று முடிவு அறிக்கையில் கோர் காமா லாக் இருக்கிறதா என்று தேடுங்கள், மேடைக்கோ கரைக்கோ வந்த பிறகு கல்லின் மேல் கருவியை ஓட்டி அளந்தது அது. அதையும் துளைக்குள் அளந்த காமாவையும் ஒரே அளவுகோலில் இரண்டு தாளில் அச்சிட்டு, வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நகர்த்துங்கள். இரண்டு மூன்று கூர்மையான முகடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம் வரும். எவ்வளவு நகர்த்தினீர்களோ அதுதான் திருத்தம். கணினியிலும் செய்யலாம், ஆனால் முதல் தடவை தாளில் செய்யுங்கள், கண்ணுக்குப் பழகிவிடும். ஒரு கிணற்றில் ஒவ்வொரு கோருக்கும் திருத்தம் வேறாக இருக்கலாம், ஒன்றை எடுத்து எல்லாவற்றுக்கும் போடக் கூடாது.

கோர் காமா இல்லையென்றால் கோர் புகைப்படத்தில் தெரியும் மணல் பட்டையோ சுண்ணாம்புக் கட்டியோ லாக்கில் எங்கே வருகிறது என்று பாருங்கள்.

பழைய கிணறுகளில் அடிக் கணக்கும் மீட்டர் கணக்கும் கலந்து கிடக்கும். சாய்வான கிணறுகளில் தடிமனைச் செங்குத்துக்கு மாற்றாமல் ஒப்பிடாதீர்கள். எல்லா எண்ணையும் ஒரே அட்டவணையில், எந்த ஆழம் என்று தலைப்பில் எழுதி வையுங்கள்.

6. கோரா, கட்டிங்ஸா?

எண்ணெய் நிறுவனங்கள் கோர் எடுப்பது பெரும்பாலும் தேக்கப்பாறையில், அதாவது மணற்கல்லில். சேற்றுப்பாறையில் கோர் எடுக்க யாருக்கும் பெரிதாக ஆர்வம் இருந்ததில்லை. அதனால் டிராப்னே கோர் அரிது. கிடைப்பதும் பெரும்பாலும் மணல் கோரின் மேல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்த துண்டு. இதற்கு நல்ல விதிவிலக்கு லிங் தாழ்நிலப் பகுதியில் இருக்கும் 16/8-3 எஸ். அங்கே சுமார் 2,575 மீட்டர் ஆழத்தில் தொடங்கி 9 மீட்டருக்கு டிராப்னேயையே குறிவைத்து எடுத்தது போன்ற கோர் இருக்கிறது, மேல்மூடிப் பாறையாக இதன் வலிமையை அளந்த ஆய்வுகள் அதை வைத்து வந்தவை. அந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு உங்களுக்கு உண்மையிலேயே புதிதாக அளக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள்.

மற்றபடி உங்களுக்குக் கிடைக்கப்போவது கட்டிங்ஸ், துளைப்பிட் நொறுக்கிச் சேற்றோடு மேலே வந்த துகள்கள். மேல்பகுதியில் பெரும்பாலும் 10 மீட்டருக்கு ஒன்று, முக்கியமான இடங்களில் 3 மீட்டருக்கு ஒன்று என்று பைகளில் இருக்கும். கழுவாத ஈரப் பையும் கழுவி உலர்த்திய பையும் தனித்தனியாக. கரிம வேதியியலுக்கு எதை எடுப்பது என்று லேபிடம் முதலில் கேளுங்கள்.

கட்டிங்ஸில் மேலே இருந்து உதிர்ந்த கல்லும் கலந்திருக்கும். டிராப்னே என்று எழுதிய பையைக் கொட்டினால் கருப்புத் துகளோடு வெளிர் சாம்பல், பச்சை கலந்த சாம்பல் துகள்களும் வரும், அவை மேலே குரோமர் நோலிலிருந்து விழுந்தவையாக இருக்கலாம். வெள்ளைத் தட்டில் பரப்பி, பைனாகுலர் நுண்ணோக்கியின் அடியில், நுண்ணிய இடுக்கியால் கருப்பை மட்டும் பொறுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். கண் வலிக்கும். ஆனால் பொறுக்காமல் அனுப்பினால் வரும் கரிம அளவு எந்தப் பாறையுடையதும் இல்லை.

எண்ணெய்ச் சேறு ஓடிய கிணறு என்றால் கட்டிங்ஸில் அந்த எண்ணெயும் ஊறியிருக்கும். லிக்னைட் போன்ற சேர்க்கைப் பொருள்களும் கரிமம்தான், அவையும் கணக்கில் ஏறும். நீர்ச்சேறு ஓடிய பழைய கிணறு கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து, லாக் தரம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

7. விண்ணப்பம்: என்னென்ன தாள்கள்

சொக்கெல் இயக்ககத்தின் கோர் களஞ்சியம் ஸ்டாவங்கரில். பார்ப்பது வேறு, வெட்டி எடுப்பது வேறு. பார்க்க முன்பதிவு போதும். மாதிரி எடுக்கத் தனி அனுமதி வேண்டும். என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் அதில் பாதி விவரம் இல்லாததுதான், இரண்டாவது தடவை இவற்றை வைத்தேன்:

- ஆய்வுத் திட்டம், ஒரு பக்கம். என்ன கேள்வி, ஏன் இந்தக் கிணறு, வேறு எங்கும் இந்தத் தரவு ஏன் இல்லை.
- வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதம், நிறுவனத் தலைப்புத் தாளில்.
- மாதிரி அட்டவணை: கிணறு, கோர் எண், பெட்டியில் எழுதியிருக்கும் ஆழம், லாக் ஆழம், எத்தனை கிராம், எந்தச் சோதனை. இரண்டு ஆழமும் தனித்தனி நெடுவரிசையில்.
- எந்த லேபில் சோதனை, சோதனை கல்லை அழிக்குமா அழிக்காதா.
- முடிவுகளையும் ஸ்லைடுகளையும் திருப்பித் தருவேன் என்ற உறுதி, எந்த மாதத்துக்குள் என்று தேதியோடு.

அளவைக் குறைத்துக் கேளுங்கள். கரிமச் சோதனைக்கு ஒரு கிராமுக்குள் போதும், ராக் எவல் கருவிக்குள் (பொடியைச் சூடாக்கி அதிலிருந்து வரும் எண்ணெய், வாயுவை அளப்பது) போவது ஒரு தடவைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாது. மகரந்த நுண்ணுயிர் ஆய்வுக்கு 10 முதல் 20 கிராம். ஒரே துண்டை எடுத்துப் பொடித்து மூன்று சோதனைக்குப் பங்கிடுவேன் என்று எழுதினால் உங்கள் வேலைக்கும் நல்லது, முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடவும் முடியும்.

பாறையின் வலிமை, ஊடுருவல் போன்றவற்றை அளக்கப் போகிறீர்கள் என்றால் எடுத்த உடனே மெழுகிட்டு மூடிய கோர் இருக்கிறதா என்று கேளுங்கள். காற்றில் உலர்ந்த சேற்றுப்பாறையில் அளந்த வலிமை கடலுக்கடியில் இருக்கும் பாறையின் வலிமை ஆகாது.

8. கோர் மேசையில் ஒரு நாள்

பெட்டியைத் திறந்ததும் ஏமாந்துவிடாதீர்கள். புகைப்படத்தில் வழுவழுப்பான கருப்பு உருளையாக இருந்தது இப்போது சீட்டுக்கட்டைக் குலைத்ததுபோல மெல்லிய தகடுகளாகக் கிடக்கலாம். விரலால் ஓரத்தைத் தள்ளினால் தாள்போலப் பிரியும். மேல்பரப்பில் வெள்ளைப் பொடியும் எலுமிச்சை மஞ்சள் படலமும் பூத்திருக்கும். கல்லுக்குள் இருக்கும் பைரைட் காற்றும் ஈரமும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதில் வரும் கந்தக அமிலம் சுண்ணாம்பைத் தின்று ஜிப்சமாக ஆக்கியது அந்த வெள்ளை. மஞ்சள் பெரும்பாலும் ஜாரோசைட். இரண்டும் களஞ்சியத்தில் பிறந்தவை, கடலில் பிறந்தவை அல்ல. கனிம ஆய்வுக்கு அந்தப் பூத்த பகுதியை எடுத்தால் ஜிப்சம் இருக்கிறது என்று முடிவு வரும், அதை வைத்து ஒரு கதையும் எழுதிவிடுவீர்கள். மேல்பரப்பைச் சுரண்டிவிட்டு உள்ளே இருந்து எடுங்கள்.

தண்ணீர் தெளித்துப் பார்க்கும் பழக்கம் மணற்கல்லில் வந்தது. இங்கே வேண்டாம், களிமண் உப்பி இன்னும் உடையும். ஒரு சிறு இடத்தை மட்டும் ஈரப் பஞ்சால் தொட்டால் நிறம் தெரியும். சாய்வாக விழும் ஒரு கைவிளக்கு எடுத்துப் போங்கள், மேலிருந்து விழும் வெளிச்சத்தில் ஒரே கருப்பாகத் தெரிவது சாய்ந்த வெளிச்சத்தில் மில்லிமீட்டர் தடிமன் வரிகளாகத் தெரியும். வரிகள் கலையாமல் இருந்தால் அடியில் புழுவும் சிப்பியும் வாழ ஆக்சிஜன் இல்லாமல் இருந்தது என்று அர்த்தம். கலைந்திருந்தால் இருந்தது. இதை எந்த லாக்கும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது, நான் அங்கே போனதன் பலன் இந்த ஒன்றுதான் என்றாலும் போயிருப்பேன்.

ஒவ்வொரு மாதிரியையும் எடுப்பதற்கு முன்பும் எடுத்த பின்பும் அளவுகோலோடு படம் பிடியுங்கள். மேல் எது கீழ் எது என்று பையில் அம்புக்குறி போடுங்கள்.

9. லேபில் வரிசை, முடிவைப் படிப்பது

முதலில் மொத்தக் கரிம அளவு, பிறகு ராக் எவல், அதற்குப் பிறகு மற்றவை. கரிமம் குறைவான மாதிரிக்கு அடுத்த சோதனையின் செலவு வேண்டாம். கரிம அளவுக்கு முன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கார்பனேட்டை நீக்கினார்களா என்று எழுத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பின் கார்பனும் கூடிவிடும்.

டிராப்னேயில் கரிம அளவு பெரும்பாலும் 5 முதல் 8 சதவீதம் என்ற வட்டத்தில் வரும், 10-ஐத் தாண்டுவதும் உண்டு. ஹைட்ரஜன் குறியீடு (கரிமத்தில் எண்ணெய் தரும் திறன் எவ்வளவு மிச்சம் என்பதன் அளவு) இன்னும் வேகாத பாறையில் 300 முதல் 600 வரை எதிர்பார்க்கலாம். ஆழமான பள்ளத்துக் கிணற்றில் இரண்டும் குறைவாக வந்தால் பாறை மட்டம் என்று முடிவு கட்டாதீர்கள், அது ஏற்கெனவே எண்ணெயைக் கொடுத்து முடித்த பாறையாக இருக்கலாம். டீமேக்ஸ் (ராக் எவலில் பாறை அதிகமாக எண்ணெய் விடும் வெப்பநிலை) 435 பாகை செல்சியஸ் அளவில் எண்ணெய் சாளரம், அதாவது பாறை எண்ணெய் தரும் நிலை, தொடங்குகிறது என்பது பொதுவான கணக்கு.

டீமேக்ஸ் குறைவாக, ஆனால் எஸ்1 (பாறையில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய்) அளவு மட்டும் அசாதாரணமாகக் கூடுதலாக வந்தால் சேற்று எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். எஸ்1-ஐ எஸ்1, எஸ்2 (சூடாக்கும்போது கரிமப் பொருள் உடைந்து வருவது) இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து 0.2-க்கு மேல் வந்து, டீமேக்ஸ் 435-க்குக் கீழே நின்றால், மாதிரியைக் கரைப்பானால் கழுவி மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். விட்ரினைட் பிரதிபலிப்பும் (பாறையில் இருக்கும் மரத்துகள் எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று பார்த்து முதிர்ச்சியை அளப்பது) இந்தப் பாறையில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும், அதை மட்டும் நம்பி முதிர்ச்சியைச் சொல்லாதீர்கள்.

லேப் எண்கள் கைக்கு வந்ததும் பேஸி முறையில் லாக்கோடு பொருத்துங்கள். ஒலி லாக்கில் 50 மைக்ரோ வினாடி ஒரு அடிக்கு, மின்தடையில் ஒரு பத்துமடங்கு, இரண்டையும் இந்த அளவில் ஒன்றன்மேல் ஒன்று வரைந்து, கரிமம் இல்லாத சேற்றுப்பாறையில் இரண்டு கோடும் ஒட்டி ஓடும்படி வைத்தால், டிராப்னேயில் கோடுகள் விலகி வாய் பிளக்கும். விலகலின் அகலம்தான் கரிமத்தின் அளவுகோல். ஏழெட்டு லேப் மாதிரி இருந்தாலே முழுத் தடிமனுக்கும் கரிமக் கோடு வரைந்துவிடலாம், அதனால்தான் நிறைய மாதிரி கேட்காதீர்கள் என்கிறேன்.

மகரந்த நுண்ணுயிர் மாதிரித் தயாரிப்பில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு. பயிற்சியும் வசதியும் இல்லாமல் நீங்களே செய்யக் கூடாது, தயாரித்துத் தரும் லேபிடம் விடுங்கள்.

10. செலவும் காலமும்

முதல் ஐந்து படிகளுக்கும் செலவு இல்லை, உங்கள் நேரம் மட்டும், ஆறு முதல் எட்டு வாரம் ஒதுக்குங்கள். அதற்குப் பிறகுதான் காசு. களஞ்சியக் கட்டணம் மாணவர்களுக்கு உண்டா, எவ்வளவு என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். லேபில் ஒரு மாதிரியின் விலையைக் கேட்கும்போது பொடிப்பதும், அமிலத்தில் கழுவுவதும், மறுபடி ஓட்டுவதும் அதில் அடக்கமா என்று சேர்த்துக் கேளுங்கள். எனக்கு ஒரு லேப் கொடுத்த விலைப்பட்டியலில் தயாரிப்புச் செலவு தனியாக இருந்ததை ரசீது வந்த பிறகுதான் பார்த்தேன். எப்போதும் இருபது சதவீதம் மறு ஓட்டத்துக்கென்று பட்ஜெட்டில் வையுங்கள்.

ஜூலையில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நார்வே முழுக்க விடுமுறையில் இருக்கும், ஈஸ்டர் வாரமும் அப்படித்தான். இரட்டைப்படை ஆண்டுகளில் ஆகஸ்ட் கடைசியில் ஸ்டாவங்கரில் ஓஎன்எஸ் எரிசக்தி மாநாடு நடக்கும், அந்த வாரம் அறை கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் குரோனரைக் கொட்ட வேண்டும். செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். என் அனுபவத்தில் விண்ணப்பத்திலிருந்து கல் கைக்கு வர இரண்டு மாதம், லேப் முடிவுக்கு இன்னும் ஆறு வாரம்.

வேறு நாட்டுக்குப் பொட்டலம் அனுப்புகிறீர்கள் என்றால், பாறை மாதிரி, ஆய்வுக்கு மட்டும், வணிக மதிப்பு இல்லை என்று சுங்கத் தாளில் எழுதி, அனுமதிக் கடிதத்தின் நகலைப் பெட்டிக்கு வெளியே ஒட்டுங்கள். உள்ளே வைத்தால் பெட்டியைப் பிரித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

11. திருப்பிக் கொடுப்பது

மிச்சக் கல், ஸ்லைடுகள், எல்லா எண்களும் அடங்கிய அட்டவணை, இவற்றை உறுதி கொடுத்த தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். தோல்வியடைந்த மாதிரிகளையும், ஏன் தோற்றது என்பதையும் சேர்த்து. என் ஹெதர் மாதிரிகளின் முடிவுகளைச் சரியான ஆழத்தோடு, ஹெதர் என்றே எழுதி அனுப்பினேன். அடுத்து அந்தக் கோரைக் கேட்பவர் அந்த ஆழத்தில் மறுபடி வெட்ட வேண்டியிருக்காது.